கல்யாணத்தைக் கலைக்கும் கம்ப்யூட்டர்

9

ஞானபாக்கியம் பெரியம்மா எங்கள் ஆபீஸ் படியேறி வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, நாங்கள் மறுபடியும் தோற்றுவிட்டோம் என்று. பின்னால் அவர் மகள் ஷெர்லி. ஆனி மாதக் காற்று வாரியிறைத்த மணல் இருவர் தலையிலும் இருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

"அமலன் வீட்டுக்கும் வந்துட்டு," என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா நாற்காலியில் சரிந்தார்.

என்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மொட்டைச் செய்தி. முன்பெல்லாம் கல்யாணத்தைக் கலைக்க மொட்டைக் கடிதாசி போடுவார்கள். ஸ்டாம்புச் செலவாவது ஆகும். இப்போது யார் பெயரிலோ வாங்கிய நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் இலவசமாகக் கலைத்துவிடுகிறார்கள்.

ஷெர்லிக்கு இது மூன்றாவது சம்பந்தம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் வேலையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்கிற பெண். முதல் மாப்பிள்ளை வீட்டுக்கு, பெண்ணுக்குத் தீராத நோய் என்று செய்தி போனது. அவள் தைராய்டுக்குச் சாப்பிடும் மாத்திரையின் பெயர் அதில் சரியாக இருந்தது. இரண்டாவது வீட்டுக்கு, பெண்ணுக்கு வேறொருவனோடு பழக்கம் என்று போனது. கூட வேலை பார்ப்பவன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அதில் வரி மாறாமல் இருந்தது. முழுப் பொய்யை யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு சிட்டிகை நிஜம் கலந்தால் ஊரே நம்பும்.

மூன்றாவது அமலன், கப்பலில் இன்ஜினியர். இவனை ஷெர்லிக்கே பிடித்திருந்தது. ஞாயிறு பூசையில் இருவர் பெயருக்கும் முதல் ஓலை வாசிக்க வேண்டும். கல்யாணம் செய்யப் போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லும்படி கேட்பதுதான் ஓலை. இந்த ஞாயிறு தவறினால், மூன்று ஓலையும் முடிவதற்குள் அமலனின் லீவு முடிந்துவிடும், கப்பல் அவனைக் கொண்டுபோய்விடும். அதற்குப் பிறகு அவன் அம்மா பேபி வேறு பெண் பார்க்காமல் இருக்கப் போவதில்லை.

என் பெயர் கிளைட்டன். மீன்பிடித் துறைமுகச் சாலையில், ஐஸ் கம்பெனி மாடியில் இருக்கும் இந்தத் துப்பறியும் ஆபீசில் டைப் அடிப்பது, பைக் ஓட்டுவது, வடை வாங்குவது, திட்டு வாங்குவது எல்லாம் நான். துப்பறிவது மட்டும் விஜிலா அக்கா. தூத்துக்குடி துறைமுகத்தில் பல வருஷம் கன்டெய்னர் சோதனை பார்த்துவிட்டு, மேலதிகாரிகளோடு சண்டை போட்டு வெளியே வந்தவர். இந்த மொட்டை ஆசாமிக்கு நாங்கள் மூன்று வலை விரித்திருந்தோம். மூன்றிலும் சிக்கவில்லை. நாங்கள் காத்திருக்கும் நாளில் மட்டும் ஆசாமிக்கு லீவு. எனக்கு வந்த எரிச்சலில் கீழே போய் ஐஸ் பாரில் தலையை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெரியம்மா போனை நீட்டினார். பேபிக்கு வந்திருந்த செய்தியை நான் சத்தமாக வாசித்தேன். "அம்மாவோட கல்யாண முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே பேசிச் சிரிக்கிற பெண். புத்தி சரியில்லை. விசாரித்துக்கொள்ளவும்."

ஷெர்லியின் முகம் செத்துப்போயிற்று.

"ஏலே கிளைட்டா, நீ கொஞ்சம் வெளிய நில்லு," என்றார் அக்கா.

வெளியே நின்றேன். எங்கள் ஆபீஸ் தடுப்பு வெறும் பிளைவுட். உள்ளே இருப்பதைவிட வெளியே நன்றாகக் கேட்கும்.

"நெசந்தான்க்கா," என்றாள் ஷெர்லி. "புதன்கிழமை மத்தியானம். அம்மா பெட்டியில இருந்து எடுத்து ஒரே ஒரு தடவ போட்டுப் பாத்தேன். 'அமலன், எப்படி இருக்கேன்'னு கேட்டேன். கண்ணாடிகிட்டதான் கேட்டேன். அதுக்குப் போயி கிறுக்கிங்காங்க."

"யாரு பாத்தா?"

"யாருமில்லக்கா. கதவு பூட்டியிருந்துச்சு. மணல் அடிக்குன்னு ஜன்னலையும் சாத்தியிருந்தேன். அம்மாவுக்கே இப்பதான் தெரியும்."

"அறைக்குள்ள என்னெல்லாம் இருந்துச்சு?"

"கட்டில், அலமாரி, மாதா சுரூபம், என் லேப்டாப்."

"லேப்டாப் தொறந்து கெடந்துச்சா?"

"ஆமா. வேலை ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"கேமராப் பக்கத்துல சின்னதா ஒரு லைட் எரியுமே?"

"அது வாங்குன நாள்ல இருந்தே எரியாதுக்கா. வெலை கொறச்சலா கெடச்சதுனால நானும் கேக்கல. பொன்னுதுரை அண்ணாச்சி கடையில வாங்குனது, கன்டெய்னர்ல வந்த சரக்கு. ஆனா வைரஸ் பாக்குற சாப்ட்வேர் போட்டிருக்கேன். தெனம் பச்சை டிக் காட்டுது."

அக்கா சிரித்த சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. "துறைமுகத்துல நாங்க பாக்காத பச்சை டிக்கா. கன்டெய்னர்ல சீல் போட்டது போட்டபடி இருக்கும். தொறந்தா உள்ள பாதிச் சரக்கு இருக்காது. களவாணி சீலைத் தொடவே மாட்டான். கதவோட கீலைக் கழட்டிட்டு எடுத்திருப்பான். எல்லாரும் சீலையே பாத்துக்கிட்டு நிப்போம்."

லேப்டாப் கேமரா வழியாக யாரோ பார்க்கிறார்கள் என்று நான் சைபர் போலீசுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளிநாட்டு மிஷினா? அப்போ வெளிநாட்டுச் சர்வரா இருக்கும் தம்பி, மனு குடுத்துட்டுப் போங்க," என்றார். யாரிடம் கேட்டாலும் இதே பதில்தான். பழியைக் கடலுக்கு அந்தப்பக்கம் தூக்கிப் போட்டுவிட்டால் இந்தப்பக்கம் யாருக்கும் வேலை இல்லை.

"வெளிநாட்டுக்காரனுக்கு ஷெர்லி யாரக் கெட்டுனா என்னலே?" என்றார் அக்கா, பைக்கில் ஏறும்போது. "கதவத் தொறந்து போட்டவன் எங்கயோ இருக்கட்டும். உள்ள வந்தது நம்ம தெருவுல நடக்குற காலு. கிரேசி அக்கா வீட்டுக்கு விடு."

"அவங்களுக்கும் இதுக்கும் என்ன?"

"இந்தக் கரையில யாருக்கு யார் பேசுதாங்கன்னு அவகிட்டதான கேக்கணும்."

கிரேசி அக்காதான் எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடிப்பவர். முன்னறையில் ஒரு மேசை, அதன் மேல் லேப்டாப், சுவரெல்லாம் அவர் சேர்த்து வைத்த ஜோடிகளின் போட்டோ. எங்களைப் பார்த்ததும் தட்டில் மக்ரூன் வைத்தார். ஷெர்லி பெயரைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு என்னத்தளா தெரியும், விஜிலா? மூணு சம்பந்தமும் என் வழியா வரலையே. சொந்தக்காரங்க பேசுனது. எங்கிட்ட விட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நல்ல பையன் ரெண்டு பேரு இருக்கான்."

அவர் லேப்டாப்பைத் திருப்பிப் பையன்களைக் காட்டினார். அதன் திரைக்கு மேல் விளிம்பில், நட்டநடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு அந்தோணியார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் ஆட்டோ, படகு, பிரிட்ஜ், என் பைக்கின் பெட்ரோல் டேங்க் வரை ஏதாவதொரு புனிதர் ஒட்டியிருப்பார்.

"காணாமப் போன சாமானெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கிற புனிதர்," என்றேன் நான். "அதுவும் இலவசமா. எங்க தொழிலுக்கே போட்டி."

"படம் கொஞ்சம் பெருசா ஒட்டியிருக்கலாம்," என்றார் விஜிலா அக்கா.

"பக்தி மனசுல இருந்தா போதும்ளா," என்றார் கிரேசி அக்கா.

"இதுவும் பொன்னுதுரை கடையா?"

"ஊரே அங்கனதான வாங்குது."

நான் இரண்டாவது மக்ரூனை முடிப்பதற்குள் விஜிலா அக்கா எழுந்துவிட்டார். இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷமும் அப்படிப் பாதியில் நின்றது.

பொன்னுதுரை அண்ணாச்சியின் கடை பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில். கடை என்பதைவிடக் கிட்டங்கி என்று சொல்ல வேண்டும். தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய லேப்டாப்புகள். எந்தெந்த நாட்டு ஆபீஸ்களிலோ கழித்துக் கட்டியவையும், பெயரே கேள்விப்படாத கம்பெனிகளின் புதுசுகளும் கலந்து கிடந்தன. வாசலில் போர்டு: 'ஆயுள் முழுக்க இலவச சர்வீஸ்'.

"ஆயுள் யாருக்கு அண்ணாச்சி, மிஷினுக்கா, வாங்குனவனுக்கா?" என்றேன்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. அவர் நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது; கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

"இந்த இலவச சர்வீஸ எப்படிச் செய்வீங்க? வீடு வீடாப் போவீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"எதுக்குப் போவணும்? எல்லா மிஷின்லயும் ஒரு சாப்ட்வேர் போட்டுத்தான் குடுப்பேன். கஸ்டமர் போன் பண்ணுனா, இங்கன இருந்தே உள்ள போயிச் சரிபண்ணிருவேன். பாக்கீங்களா?"

ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, வாயால் சொல்லிக்கொண்டே பாஸ்வேர்டை அடித்தார். அவர் மகள் பெயரும் அவள் பிறந்த வருஷமும். எதிர்ச் சாரியில் கரும்புச்சாறு பிழிகிறவனுக்குக்கூடக் கேட்டிருக்கும். திரையில் பெயர்கள் வரிசையாக விழுந்தன. தெரிந்த வீடுகள், தெரிந்த கடைகள், இரண்டு டியூஷன் சென்டர், ஒரு கிளினிக்.

"ஒவ்வொருத்தருக்கும் வேற வேற சாவிதான?" என்றார் அக்கா, மெதுவாக.

"அத்தனை சாவிய எவன் ஞாபகம் வைக்க? எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"அப்போ நீங்க சாவி போடும்போது கடையில பக்கத்துல நின்னு பாக்கிற கஸ்டமர், அதே சாவிய வச்சு வேற வீட்டுக்குள்ளயும் போகலாம்."

அண்ணாச்சி யோசித்தார். இதை முதல் தடவையாக இப்போதுதான் யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "போகலாம். ஆனா எவன் போவான்? எல்லாம் நம்ம ஆளுகதான?"

என் வாயில் வந்ததை நான் சொல்லவில்லை. பக்கத்தில் மாதா படம் இருந்தது.

"என் சாவி மட்டுமில்ல," என்று அவரே தொடர்ந்தார். "சரக்கு அனுப்புறவனே வரும்போது உள்ள எதையோ போட்டுத்தான் அனுப்புதான். அழிச்சாலும் மறுபடி மொளைக்கி. மிஷின் ஓடுதுல்லா, நான் கண்டுக்கிடுததில்ல. இந்த வெலைக்கு வேற எப்படிக் குடுப்பான்? நீங்க ஏன் இப்படி முழிக்கீங்க? உங்க ஆபீஸ்ல இருக்கதும் நம்ம சரக்குதான. போன திருவிழாவுக்குப் பேரம் பேசியே என் உயிர எடுத்தீங்களே, அக்கா."

அக்கா திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார்.

வாங்கும்போதே நான் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். பில் போட்டுக் கொடுக்கிற கடையில் புதுசு வாங்குவோம் என்றேன். அக்கா கேட்டது ஒரே கேள்வி: 'டைப் அடிக்கத்தானலே, ராக்கெட்டா விடப் போற?' அந்த மிஷினில்தான் மூன்று வலைகளையும் எங்கே, என்றைக்கு, எப்படி விரிக்கப் போகிறோம் என்று அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் அடித்திருந்தேன். ஆசாமிக்கு நாங்களே சம்பளமில்லாமல் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"திட்டணும்னா திட்டிரு," என்றார் அக்கா, வெளியே வந்ததும்.

"திட்டுற அளவுக்கு எனக்குத் தமிழ் பத்தாதுக்கா."

ஆபீசுக்கு வந்ததும் மிஷினை ஜன்னல் வழியாக எறிய நான் கையை நீட்டினேன். அக்கா என் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே ஐஸ் கம்பெனிக்குள் போனார். அங்கே ஐஸ் உடைக்கிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது.

"அதுக்குக் கண்ணு இருந்தா காதும் இருக்கும்," என்று என் காதுக்குள் கத்தினார். "எறியாத. இத்தன நாளு நமக்கு விரோதமா வேல பாத்த மிஷின், இன்னைக்கு நமக்காகப் பாக்கட்டும். நான் மேல போயிச் சொல்லுததை டைப் அடி. அழுத முகத்தோட அடி."

அழுத முகத்துக்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா மேலே வந்து, தோற்றுப்போன குரலில், மிஷின் முன்னால் உட்கார்ந்து சொன்னார். அமலன் வீட்டார் விலகிவிட்டார்கள். ஷெர்லிக்கு ரகசியமாக வேறு இடம் முடிவாகியிருக்கிறது. பையன் பெயர் டெல்பின்ராஜ், பம்பாயில் வளர்ந்தவன், இப்போது கப்பலில் இருக்கிறான். அவன் வீட்டாரிடம் போன் கிடையாது, எல்லாப் பேச்சும் பங்குத்தந்தை வழியாக மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓலை. வெளியே யாருக்கும் தெரியக் கூடாது.

டெல்பின்ராஜ் என்று உலகத்தில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஐஸ் கம்பெனி மாடியில் பிறந்தவன். அவன் மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டதால், 'ஆள் நெட்டை, பெரிய மீசை' என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன்.

மறுபடியும் ஐஸ் கம்பெனிக்குள் போனபோது, அக்கா விளக்கினார். மொட்டைச் செய்தி அனுப்ப நம்பர் வேண்டும். டெல்பின்ராஜ் வீட்டாருக்கு நம்பர் இல்லை. இந்தக் கல்யாணத்தைக் கலைக்க ஒரே வழி, பங்குத்தந்தையிடம் நேரில் போய்த் தடை சொல்வது. இல்லாத மாப்பிள்ளைக்கு எவன் தடை சொல்ல வருகிறானோ, அவன்தான் நம் மிஷினைப் படிக்கிறவன்.

"பொன்னுதுரைதான் வருவாரு," என்றேன். "கரும்புச்சாறு பந்தயம்."

"கட்டுதேன்," என்றார் அக்கா.

பங்குத்தந்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பொய் ஓலையெல்லாம் நான் வாசிக்க மாட்டேம்மா," என்றார்.

"வாசிக்க வேண்டாம் ஃபாதர். பேசவும் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் உங்க நாற்காலியில உக்காந்து, யாரு என்ன சொல்லுதாங்கன்னு கேட்டா போதும். பொய்ய அவங்களே கொண்டு வருவாங்க."

சனிக்கிழமை சாயங்காலம், பங்குத்தந்தை குடியிருக்கும் சாமியார் பங்களாவில், மெழுகுவர்த்தித் தண்டுகள் வைக்கிற சிறிய அறையில் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அக்கா, நான், ஷெர்லி, அமலனின் அம்மா பேபி. அந்த அம்மாவை வரவழைக்க அக்கா போனில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வந்தவர் ஷெர்லியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தார். ஷெர்லி தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாத இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்வதைவிட, ஐஸ் பெட்டிக்குள் இருந்திருக்கலாம்.

முதலில் வந்தது பொன்னுதுரை அண்ணாச்சி. நான் அக்காவை முழங்கையால் இடித்தேன்.

"ஃபாதர், ஒரு விஷயம்," என்று அண்ணாச்சி தயங்கினார். "புது லோடு வந்திருக்கு. கடைக்கு வந்து மந்திரிச்சுத் தரணும்."

புது லோடுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கக் கூப்பிடத்தான் வந்திருக்கிறார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லித் தந்தை அனுப்பிவிட்டார். ஒரு கரும்புச்சாறு போயிற்று. அதன் பிறகு நெடுநேரம் யாரும் வரவில்லை. பேபி அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். நாலாவது வலையும் அறுந்தது என்று முடிவு செய்து நான் எழப் போனபோது, வெளியே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம், ஃபாதர்."

குரலைக் கேட்டதும் ஷெர்லி நிமிர்ந்தாள். கிரேசி அக்கா.

"உக்காருங்க. என்ன விஷயம்?" என்றார் தந்தை.

"ஒருத்தரு குடும்பத்துக் காரியம், எனக்குச் சொல்லவே மனசு வரல. ஆனா தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு கோயில்லயே சொல்லுதீங்கள்லா. நாளைக்கு ஞானபாக்கியம் மகளுக்கு ஓலை வாசிக்கப் போறீங்க. அந்த டெல்பின்ராஜ் பையன் சரியில்ல ஃபாதர்."

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? பம்பாய்ல என் தங்கச்சி வீட்டுக்குப் பின்னாலதான் இருந்தான். நெட்டையா, பெரிய மீசை. அவனுக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கு. இந்தக் கண்ணால பாத்தேன். பாவம், ஷெர்லி பச்சப்புள்ள. நல்ல இடமா நான் பாத்து முடிச்சுத் தாரேன்."

மீசை என்னுடையது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விஜிலா அக்கா கதவைத் திறந்தார்.

"கிரேசி அக்கா, டெல்பின்ராஜுக்கு வயசு ஒரு நாளு. நேத்து மத்தியானம் எங்க ஆபீஸ்ல வச்சுத்தான் அவனப் பெத்தோம். அதுக்குள்ள பொண்டாட்டியா?"

கிரேசி அக்கா எழுந்தார், உட்கார்ந்தார். "யாரோ சொன்னாவ," என்றார்.

"யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பேரு எங்க மிஷின்ல மட்டும்தான் இருக்கு. உங்க மிஷின ரிப்பேருக்குக் கடைக்குக் கொண்டுபோனப்போ பொன்னுதுரை வாய்விட்டுச் சொல்லி அடிச்ச சாவிய நீங்க கேட்டுக்கிட்டீங்க. அதை வச்சு ஊர்ல ஒவ்வொரு வீடா உள்ள போயிட்டு வாரீங்க."

"என்னையும்தான் எவனாவது என் மிஷின் வழியாப் பாத்திருப்பான். நான்தான்னு எப்படிச் சொல்லுத?"

"உங்க மிஷின் வழியா எவனும் உங்களப் பாக்க முடியாது. இந்த ஊர்ல பொன்னுதுரை வித்த அத்தனை கம்ப்யூட்டர்லயும் கண்ணு தொறந்து கெடக்கு, எங்க ஆபீஸ்ல இருக்கதும் சேத்து. உங்க ஒரு மிஷின்லதான் சரியா கண்ணு மேல அந்தோணியார் உக்காந்திருக்காரு. அதுவழியா ஆள் பாக்கலாம்னு தெரிஞ்சவ மட்டும்தான் அத மூடி வைப்பா."

நேற்று அதைப் பார்த்துவிட்டு நான் சொன்ன நகைச்சுவை எனக்கு நினைவு வந்தது. அந்தோணியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் செய்தார். எனக்குத்தான் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

கிரேசி அக்காவின் குரலிலிருந்த இரக்கம் சட்டென்று நின்றது. அதன் பின்னால் இருந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். "மூணு சம்பந்தம் பேசுனாளே ஞானபாக்கியம், ஒண்ணுக்காவது என்னையக் கூப்பிட்டாளா? இவ கல்யாணம் என் கையால நடக்கணும்னு நெனச்சேன். அது ஒரு குத்தமா?"

"அதுக்காக எம்மவளக் கட்டிக்கப் போற பொண்ண..." என்று பேபி அம்மா உள்ளிருந்து வந்தார். கோபத்தில் அவருக்கு மகனும் மகளும் குழம்பிப்போயிற்று. "பொறக்காதவனுக்குப் பொண்டாட்டி கெட்டி வைக்கிறவ நீ. உன் பேச்ச நம்பி நான் ஒரு நல்ல பொண்ணக் கிறுக்கின்னு நெனச்சிட்டேனே."

அவர் திரும்பி ஷெர்லியின் முன்னால் போய் நின்றார். அவள் தோளில் ஒட்டியிருந்த மெழுகுத் துணுக்கைத் தட்டிவிட்டார். பிறகு தந்தையிடம், "நாளைக்கு ஓலைய வாசிங்க ஃபாதர். அமலன் பேருக்கு வாசிங்க," என்றார்.

ஷெர்லி அப்போதுதான் அழுதாள்.

ஞாயிறு இரண்டாம் பூசையில் அமலன் பெயரும் ஷெர்லி பெயரும் கோயிலில் ஒலித்தன. ஆண்கள் பக்கத்தில் அமலன் கழுத்து சிவக்க உட்கார்ந்திருந்தான். கிரேசி அக்காவின் இடம் காலியாக இருந்தது. அவர் மேல் புகார் கொடுத்தாயிற்று; உள்ளூர் ஆள் பெயர் கையில் கிடைத்ததும் சைபர் பிரிவு சுறுசுறுப்பாகிவிட்டது. பொன்னுதுரை அண்ணாச்சியை அக்கா உட்காரவைத்து ஒரு மணி நேரம் கத்தியிருந்தார். எல்லாச் சாவியையும் மாற்றிவிடுகிறேன் என்று அவரும் தலையாட்டியிருந்தார். அவர் தலையாட்டுவதை நான் நம்பவில்லை.

பூசை முடிந்து முற்றத்தில் நின்றபோது ஷெர்லி எங்களிடம் வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் முழுதாக இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அண்ணாச்சி சாவிக்கு முன்னாலயே, வரும்போதே உள்ள எதோ போட்டு அனுப்புதான்னு அவரு சொன்னதாச் சொன்னீங்கள்லா? அன்னைக்கு நான் முக்காடு போட்டத கிரேசி அக்கா மட்டும்தான் பாத்தாங்களா?"

விஜிலா அக்காவிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். கன்டெய்னர் கதை இருக்கும். நான் காத்திருந்தேன். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார், கடலைப் பார்த்தார், கடைசியில், "தெரியலளா," என்றார்.



அப்போது பங்குத்தந்தை வெளியே வந்தார். பூசை முடிந்ததும் புது வண்டி, புது வலை, புதுச் சாவிக்கொத்து என்று எதையாவது மந்திரிக்க ஆட்கள் நிற்பது வழக்கம். அன்றைக்கு ஒரு அம்மா, காலேஜில் சேரப் போகிற மகளோடு, பொன்னுதுரை கடை அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியைப் பிரித்து, லேப்டாப்பை எடுத்து, தீர்த்தம் நன்றாகப் படட்டும் என்று விரியத் திறந்து, தந்தைக்கு நேராகப் பிடித்தார். தந்தையின் கை பாதியில் நின்றது. அவர் எங்களைப் பார்த்தார்.

நான் போய்ச் சொல்லலாம் என்று ஓரடி வைத்தேன். அதோடு நின்றுவிட்டேன். அந்த அம்மாவால் முடிந்த விலை அதுதான். அந்தப் பெண்ணின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு முன்னால் ஷெர்லி போனாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று, திறந்திருந்த மூடியை மெதுவாகப் பிடித்து மூடினாள்.

"இப்ப மந்திரிங்க, ஃபாதர்," என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "வீட்டுக்குப் போயித் தொறக்குறதுக்கு முன்னால நீ எங்கூட வா. ஒண்ணு சொல்லணும்," என்றாள்.